கதவோசை கேட்க வேண்டும்

ஏரியின் மேல் உறைந்திருந்த பனி வெண்மை இழந்து சாம்பல் பூக்கத் தொடங்கிய ஏப்ரல் மாதத்தில்தான், இனிப் பாட்டில்லாமல் இருக்க இயலாது என்று சைமி உணர்ந்தாள். இரண்டு குளிர்காலங்களாக அந்த வீட்டில் பாட்டு இல்லை. அக்கரைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவளுக்கு, அது உப்பில்லாமல் உண்பதைப் போன்றதன்று. மூச்சைப் பாதியிலே நிறுத்திவைத்திருப்பதைப் போன்றது.

நிறுத்தியதும் அவளேதான். அவள் கணவன் தௌனோ மர ஆலையில் வேலை செய்தவன். ஞாயிறுதோறும் தேவாலயப் பாடற்குழுவில் கீழ்க்குரல் பாடியவன். மறதி நோய் அவனுடைய நாட்களையும் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் களைந்தெடுத்தபோது, பாட்டை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. அந்த மிச்சமே அபாயமாயிற்று. வானொலியில் நாலு பேர் சேர்ந்து பாடினால் போதும், அவன் எழுந்துவிடுவான். கறுப்புக் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டு, குழு தனக்காகக் காத்திருப்பதாக எண்ணி, ஏரியின் மேலே நேர்வழியில் தேவாலயத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவான். முந்தின குளிர்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு முன்பு அப்படிப் போனபோது பனி பாறைபோல் இறுகியிருந்தது. பக்கத்து வீட்டு மீனவன் வில்யோ பனியில் இழுத்துச் செல்லும் ஸ்லெட்ஜ் வண்டியில் உட்காரவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தான். இப்போது போனால் கொண்டுவர ஆள் இருக்கலாம்; தாங்கிக்கொள்ளப் பனி இராது.

ஆகவே அவளுக்கு வேண்டியவை இரண்டு. பாட்டு தன் காதோடு நிற்க வேண்டும். கதவு திறந்தால் அது தன் காதுக்குத் தெரிய வேண்டும். பகலில் கதவைப் பூட்டி அவனை அடைத்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நீ பாட்டுக்குக் காதை அடைச்சிட்டு உக்காந்துட்டா, அப்பா வெளிய போறது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள் ரீக்கா, தாம்பெரே நகரத்திலிருந்து போனில்.

"காதை அடைக்காத மாதிரி ஹெட்போன் ஒண்ணு இருக்காம். பின்பக்கம் மூடி இல்லாம, வெறும் வலை மட்டும் வெச்சு. படிச்சேன்."

"படிச்சியா? மைக்ரோவேவும் இப்படித்தான் படிச்சுப் படிச்சு வாங்கினே. இன்னிக்கு வரைக்கும் அதுக்குள்ள ரொட்டிதான் இருக்கு."

"ரொட்டி காயாம இருக்குல்ல?"

ரீக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஏரியில பனி உடையுற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டாள்.

புனித வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்குப் பாடும் அந்தப் பாட்டு இல்லாமல் அந்த வாரத்தை இரண்டாம் முறையும் கடப்பதற்குச் சைமியிடம் வலு இல்லை.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில்தான் வினோதமான சங்கடம். கடை இருப்பது ஹெல்சிங்கியில். தௌனோவை விட்டுப் போகவும் முடியாது. அழைத்துக்கொண்டு போகவும் முடியாது. எனவே கணினியின் முன் அமர்ந்து, முன்பின் அறியாத மனிதர்கள் தங்கள் காதுகளைப் பற்றி எழுதியவற்றையெல்லாம் படித்தாள். ஒருவர், இந்த ஹெட்போனில் பாடகர்களுக்கு நடுவே காற்று நடமாடுகிறது என்றார். இன்னொருவர், அடித்தொனி வெண்ணெய்போல் உருகுகிறது என்றார். மூன்றாமவர் இருவரையும் செவிடர்கள் என்றார். மலையும் பள்ளமுமாக வளைந்தோடும் கோடுகளை வரைந்து, இதுதான் அதன் ஓசை என்று சத்தியம் செய்தார்கள் சிலர். காதால் தேர வேண்டியதைக் கண்ணால் தேர நேர்ந்ததே என்று அவள் மனம் கசந்தாள். எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னது ஒன்று உண்டு: பின்புறம் திறந்ததை அணிந்தால், அணிந்திருப்பதே மறந்துபோகும்.

கடைசியில் கடைக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க, யார்க்கோ பேசுறேன்," என்றது இளங்குரல்.

"பின்னால திறந்த ஹெட்போன் இருக்கா?"

"நிறைய இருக்கு. ஒரு நாள் வந்து போட்டுப் பாத்துட்டு—"

"வர முடியாது."

காரணம் வரும் என்று அவன் சற்றே காத்திருந்தான். வரவில்லை. வீட்டுக்குள் இருப்பதை அயலானிடம் அவிழ்த்துக் கொட்டுகிற வழக்கம் அந்த ஏரிக்கரையில் எவருக்கும் இல்லை. நோயை ஊரார் அறிவார்கள், ஆனால் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

"சரி, என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க?"

"சர்ச் பாட்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இதைப் போட்டுக்கிட்டு பாட்டு கேக்கும்போது, கதவு திறந்தா எனக்குத் தெரியுமா?"

"கதவா? பக்கத்து ரூம்ல யாராவது பெருமூச்சு விட்டாக்கூட தெரியும். தொறந்து வெச்ச ஜன்னல் மாதிரின்னு நெனச்சுக்குங்க. அதனாலதான் வீட்டுல கூட யாராவது இருந்தா, வாங்குறவங்ககிட்ட முன்னாடியே நாங்க கேட்டுக்குவோம். உங்க கூட வேற யாரும் இருக்காங்களா?"

"பாட்டு கேக்குறவ நான் ஒருத்திதான்."

"அப்ப ஒரு கவலையும் இல்ல," என்றான் யார்க்கோ.

அவள் சொன்னதில் பொய்யில்லை. அவன் கேட்டதிலும் தவறில்லை. ஆனால் இருவருக்கும் நடுவே சொல்லப்படாமல் விழுந்த ஒரு சொல், கல் நீரில் அமிழ்வதைப் போல் ஓசையின்றி அமிழ்ந்துபோயிற்று.

தபாலில் ஊர்க் கடைக்கு வந்திருந்த பெட்டியை வாங்கி வந்து தந்தவன் வில்யோ.

"இந்தா சைமி. இவ்ளோ லேசா இருக்கு, கடைக்காரி தலையணைன்னு நெனச்சுட்டா."

"தலைக்குத்தான்."

காபி குடிக்க உட்கார்ந்தவன் ஜன்னலின் வழியே ஏரியைப் பார்த்தான். குளிர்காலப் பாதையின் அடையாளமாகப் பனியில் நட்டுவைத்த ஊசியிலை மரக் கிளைகள், அக்கரைத் தேவாலயக் கோபுரத்தை நோக்கி வரிசையாக நின்றன. அவற்றுள் சில ஏற்கெனவே சாய்ந்திருந்தன.

"இனிமே அந்தப் பக்கம் யாரும் கால் வெக்கக் கூடாது," என்றான் குரலைத் தாழ்த்தி. "நேத்து கோடாலிக் காம்பால ஒரு தட்டு தட்டினேன். ஊசி ஊசியா பிரிஞ்சு கொட்டுது. மேல பாத்தா கல்லு. உள்ள ஒண்ணுமில்ல."

பிறகு தௌனோவின் பக்கம் திரும்பி, "என்ன தௌனோ, என்னை யாருன்னு தெரியுதா?" என்று கேட்டான்.

தௌனோ அவனை நெடுநேரம் பார்த்தான். "சுருதி சேராம பாடுவியே, அவன்தானே நீ?"

"பாரு சைமி! என் பேரை மறந்துட்டான், என் தொண்டைய மறக்கல."

அன்றைக்கே அவள் சோதித்தாள். ஏனோதானோ என்று செய்கிற பெண் அல்லள் அவள். உள்ளறையில், கதவைத் திறந்துவைத்து, நாற்காலியில் அமர்ந்து முதலில் வெறுமனே அணிந்துகொண்டாள். கடிகாரத்தின் துடிப்பு, குளிர்பெட்டியின் முனகல், கூரை விளிம்பிலிருந்து பனிநீர் சொட்டுவது, யாவும் வந்தன. பிறகு பாட்டை ஓடவிட்டு, முன்கூடத்தில் இருந்தவனிடம் குரல் கொடுத்தாள்.

"கிழவா, வாசக்கதவை ஒருதரம் திற."

"எதுக்கு?"

"சத்தம் கேக்குதான்னு பாக்கணும்."

"செவிடாயிட்டியா, கிழவி?"

அவன் திறந்தான். கதவில் கட்டியிருந்த பழைய பசுமணி கணகணத்தது. பாடும் குரல்களுக்கு நடுவே அது தெள்ளத்தெளிவாகக் கேட்டது. சைமி கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அதன்பின் வந்த நாட்கள் அவளுக்கு வரமாக வந்தன. அவள் கேட்டது பெரும்பாலும் ஒரே ஓர் இசைத்தட்டு: அவர்களுடைய தேவாலயக் குழு முன்னொரு காலத்தில் பதிவுசெய்தது, ஆர்கனில் அவள், கீழ்க்குரல்களின் வரிசையில் தௌனோ. அணிந்த கணத்தில் சுவர்கள் விலகின. குரல்கள் தலைக்குள் நெருக்கியடிக்காமல், தேவாலயத்தின் பாடகர் மாடத்தில் அவரவர் நின்ற இடத்திலேயே நின்று பாடின. இறந்துபோனவர்கள் மூச்செடுப்பது கேட்டது. அடிவானத்து இடி மலைக்குள் புகுந்து உறங்குவதைப் போல் ஆர்கனின் ஆழ்ந்த சுரம் வந்து அடங்கியது. ஒரு நாள் பெரிய வெள்ளிப் பாட்டின்போது தௌனோவின் குரல் மற்ற எல்லாக் குரல்களையும் தாண்டித் தோளருகே நின்று பாடுவதுபோல் ஒலித்தது. என்ன துல்லியம், பக்கத்தில் நிற்பது போலவே இருக்கிறதே என்று வியந்து, கணினியில் எழுதியிருந்தவர்கள் அனைவரையும் மனத்துக்குள் வாழ்த்தினாள்.

அந்த வாரத்தில் தௌனோ அமைதியாக இருந்தான். அமைதி கூடிக்கொண்டே வந்தது. சொல்லாமலே முகம் மழித்துக்கொண்டான். தலையை நீர் தொட்டு வாரிக்கொண்டான். முழங்கால்களின் மேல் கைகளை ஊன்றி, ஏரியைப் பார்த்த ஜன்னலின் முன்னே, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவனைப் போல அமர்ந்திருந்தான். வெளியே கிளைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

"அங்க என்ன பாக்கிற?" என்று கேட்டாள் சைமி, ஒரு காலையில்.

"தாமதமாயிடுச்சு," என்றான் அவன்.

"எதுக்கு?"

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான், மறந்துபோனவள் அவள்தான் என்பதைப் போல. அவள் அதை நோயின் பேச்சென்று விட்டுவிட்டாள். வசந்தம் வந்தால் எல்லா உயிரும் ஜன்னலைப் பார்க்கும்தானே.

பெரிய வியாழன் பிற்பகலில் சைமி ஏலக்காய் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். தௌனோ ஜன்னலருகே இருந்தான். அவள் அணிந்துகொண்டாள்; பாட்டு தொடங்கியது. இன்று காதின் ஒரு பாதியை வாசலுக்கே ஒதுக்கி வைத்திருந்தாள். கடிகாரம் கேட்டது. சொட்டும் நீர் கேட்டது. மணி கேட்கவில்லை. மணி கேட்காதவரை நலம் என்ற எண்ணத்தில் அவள் மெல்ல மெல்லப் பாட்டுக்குள் இறங்கினாள். சரணங்களின் ஊடே போய், சிலுவையடியில் நிற்பவர்களோடு தானும் நின்றாள்.

கணுக்காலில் குளிர் பட்டது.

கண்ணைத் திறந்தாள். தரையோடு தவழ்ந்து வந்த காற்று, வீட்டுக்காற்று அன்று. ஹெட்போனைக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்துவிட்டு எழுந்து முன்கூடத்துக்கு வந்தாள். ஜன்னலருகே யாரும் இல்லை. வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. மணி இருந்த இடத்தில் அவனுடைய கம்பளிக் கையுறை தொங்கியது. மணியின் நாக்கு அசையாதபடி அதைக் கையுறைக்குள் நுழைத்து, நூலால் பக்குவமாகச் சுற்றியிருந்தான். வீட்டுச் செருப்பு இரண்டும் வாசலில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

அப்போது அவள் அதைக் கேட்டாள்.

எங்கோ வெகுதூரத்தில் ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. கனமான சுரங்கள் யாவும் உதிர்ந்துபோய், உயர்குரல்களின் மெல்லிய இழை மட்டும், பனிவெளியைக் கடந்து காற்றோடு வருவதைப் போல வந்தது. அக்கரையிலிருந்துதான் வருகிறது என்று அவளுடைய காதே ஒரு கணம் நம்பியது. பிறகு திரும்பிப் பார்த்தாள். உள்ளறை நாற்காலியின் மேல், மூடியில்லாத அந்த இரு வலைகளின் வழியாக, பாட்டு வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது.

உள்ளே எது வரும் என்று மட்டுமே அவள் கேட்டாள். வெளியே எது போகும் என்று கேட்கவில்லை. அணிந்தவர் காதுக்கு அது ஒருநாளும் தெரியாது. அன்று தோளருகே ஒலித்த குரல் தட்டிலிருந்து வந்ததன்று. அவன் முன்கூடத்தில் அமர்ந்து, அந்த இழையைக் கேட்டுக்கேட்டு உடன் பாடியிருக்கிறான். பாட்டு தொடங்கிய பின் வருகிறவன் ஓசைப்படாமல் வர வேண்டும் என்பது அவர்கள் குழுவின் ஒழுங்கு. காலணியைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, கதவை மூச்சுப்போல் திறந்து, மாடப்படி ஏறுவார்கள். அவ்வொழுங்கைக் குழுவுக்குக் கற்பித்தவளும் அவளே. அவளுடைய காது எத்தனை கூர்மையாய்க் காத்திருந்தாலும், அவளுடைய பாட்டே அவனை ஓசையின்றிப் போகச் சொல்லிவிட்டது.

அவள் ஓடினாள்.

நாணற்புதரைத் தாண்டி, சாய்ந்த கிளைகளின் நடுவே, கறுப்புக் கோட்டோடு அவன் போய்க்கொண்டிருந்தான். காலுறை மட்டும் அணிந்த பாதங்கள் சாம்பல்நிற ஈரத்தில் பதிந்து பதிந்து எழுந்தன. ஒவ்வோர் அடியிலும் பனி, தூக்கத்தில் பல் கடிப்பவனைப் போல நறநறத்தது. வில்யோவின் படகுக் கொட்டகை பூட்டியிருந்தது.

"தௌனோ!"

அவன் திரும்பினான். கடிந்துகொள்ளும் முகத்தோடு உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மறுபடி அக்கரையை நோக்கினான்.

கூப்பிட்டால் அவன் நிற்க மாட்டான். கூப்பிடுவது ஒழுங்கீனம். கரையின் விளிம்பில் ஈரக் கல்லின் மேல் நின்று, வேறெதுவும் தோன்றாமல், உள்ளறையில் விட்டுவந்த அதே பாட்டை அதே சுருதியில் பாடத் தொடங்கினாள். கிழட்டுக் குரல்; இரண்டு குளிர்காலமாகப் பழகாத குரல்; முதலடியிலேயே கீறல் விழுந்தது.

அவன் நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு நிமிர்ந்து, கைகளை முன்னே கோத்துக்கொண்டு, தனக்குரிய கீழ்க்குரலை எடுத்தான். ஏரியின் மேல் அது முழுமையாக, பிசிறின்றி எழுந்தது. அவன் நின்ற இடத்தைச் சுற்றிப் பனி சற்றே கறுத்ததை அவள் கண்டாள். நீர் மேலேறிவந்து அவன் காலுறையை மூடியது. நடந்தால் ஒருவேளை தாங்கும்; நின்றால் அமிழும். ஆயினும் நடுவிலே நிறுத்தினால் அவன் பாட்டைத் தேடி எந்தத் திசையில் போவானோ தெரியாது. தொடங்கிய பாட்டை முடிக்காமல் அவன் இடம்விட்டு நகர்ந்ததே இல்லை.

ஆகவே அவள் முடிக்க வேண்டியிருந்தது. ஒரு சரணத்தையும் விடாமல், அவசரப்படாமல், அவசரப்பட்டால் அவன் தாளம் தவறி மறுபடி தொடங்குவான் என்பதால் மூச்சை அளந்து அளந்து பாடினாள். கடவுளை நோக்கிப் பாடும் பாட்டில் அவள் கடவுளை நினைக்கவில்லை. கறுக்கும் அந்த வட்டத்தை மட்டுமே பார்த்திருந்தாள். அவன் கணுக்கால் மறைந்தது. தொலைவில் எங்கோ பனி நீளவாக்கில் பிளந்து, துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்தது. அவன் அசையவில்லை. கடைசிச் சரணம் வந்தது. கடைசி ஆமென் வந்தது. அவள் அதை எவ்வளவு நீட்ட வேண்டுமோ அவ்வளவு நீட்டி நிறுத்தினாள்.

தௌனோ கைகளைப் பிரித்தான். கோபுரத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"காபி ஆறுது," என்றாள் சைமி, பாட்டு முடிந்ததும் மாடத்திலிருந்து எப்போதும் சொல்வது போல, குரலை உயர்த்தாமல். "ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கேன். மத்தவங்க எடுத்துடப் போறாங்க."

அவன் யோசித்தான். பிறகு திரும்பி நடந்தான். ஓரிடத்தில் ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. அவன் முணுமுணுத்தபடி அதை இழுத்துக்கொண்டு வந்தான். நாணலருகே அவள் நீரில் இறங்கி அவன் கோட்டைப் பற்றினாள்.

"நீ ஆரம்பத்துல சுருதிய விட்டுட்டே," என்றான் அவன்.

"ஆமா."

"வயசாயிடுச்சு உனக்கு."

வீட்டுக்கு அழைத்துவந்து ஈரத்தைக் களைந்து, போர்வையில் சுற்றி அடுப்பருகே உட்காரவைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் உடுப்புக்குள் போட்டுக்கொண்டாள். கையில் கோப்பையைக் கொடுத்தாள். அவன் இரு கைகளாலும் பிடித்துக் குடித்தான், ரொட்டியைத் தின்றான், நிறம் திரும்பியது. உள்ளறையில் தட்டு முடிந்து மீண்டும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. சைமி போய் அதை நிறுத்தினாள். நிறுத்தியதோடு நில்லாமல் வயரையும் பிடுங்கினாள். வீடு முழுதும் நிசப்தம் நிறைந்தது. இனி அந்த நிசப்தத்தில்தான் வாழ வேண்டும், வாழ்ந்துவிடலாம் என்று எண்ணியபடி திரும்பி வந்தாள்.

தௌனோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்திருந்தான்.

"என்ன கேக்குற?"

"உஷ்," என்றான். "இன்னும் பாடிட்டிருக்காங்க."

"நான் நிறுத்திட்டேன், தௌனோ. எல்லாம் நின்னுடுச்சு."

"நீ நிறுத்திட்டே," என்றான் அவன், பொறுமையாக. "அவங்க நிறுத்தல."

அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். கடிகாரம் கேட்டது. சொட்டும் நீர் கேட்டது. வெளியே, மாலை ஒளியில் ஏரிப் பனி மெல்ல விரிசல்விடும் ஓசை கேட்டது. அவளுடைய காதுக்கு வேறெதுவும் எட்டவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே இருந்த அவன் பாதம் தரையின் மேல் மெதுவாக, சீராக, தாளம் தட்டிக்கொண்டிருந்தது.